மாட்டின் நிறத்தைச் ‘செவலை’ என்று எழுதுவது எப்படி: காப்பீட்டுப் படிவம் முதல் ‘காணவில்லை’ செய்தி வரை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாடு வைத்திருப்பவரிடம் “என்ன நிறம்?” என்று கேட்டால், சிவப்பு சாயல் கொஞ்சம் தெரிந்தாலே “செவலை” என்று முடித்துவிடுவார்கள். பேச்சுக்கு அது போதும். எதிரில் மாடு நிற்கிறது, கேட்பவர் கண்ணால் பார்த்துக்கொள்கிறார். காகிதத்தில் எழுதும்போது மாடு எதிரில் இருக்காது. ஆறு மாதம் கழித்து வேறு ஒருவர் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு செவலைகளுக்கு நடுவே உங்கள் மாடு எது என்று தேட வேண்டியிருக்கும்.

எங்கள் ஊரில் காப்பீட்டுப் படிவம், கடன் விண்ணப்பம், மாடு விற்ற சீட்டு எல்லாம் எழுதித் தருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் வயதையும் கறவையையும் சரியாக எழுதிவிடுகிறார்கள். நிறத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று இங்கே எழுதுகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

மாட்டைக் குளிப்பாட்டிக் காயவிட்டிருக்க வேண்டும். இது மிக முக்கியம். நம் பக்கம் செம்மண். ஏரிக்கரையில் புரண்டு வந்த வெள்ளை மாடு தூரத்தில் அசல் செவலையாகவே தெரியும். ஈரத்தோடு நிற்கும் செவலை, காய்ந்த செவலையைவிட ஒரு படி கறுப்பாகத் தெரியும். முந்தின நாள் மாலை கழுவிவிட்டு மறுநாள் காலை பார்ப்பது நல்லது.

நேரம் காலை எட்டு, ஒன்பது மணி. இடம் மரநிழல் அல்லது திறந்த வாசல். நீலத் தார்ப்பாய் போட்ட கொட்டகைக்குள் நின்று நிறம் பார்க்காதீர்கள். மேலிருந்து விழும் நீல ஒளியில் செவலையின் சிவப்பு அமுங்கிவிடும். சாயங்கால மஞ்சள் வெயிலில் இதற்கு நேர்மாறாக, வெளிர் மாடுகூடச் செவந்து தெரியும்.

மாட்டைப் பிடித்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். அந்த மாட்டுக்கு முன்பே ஏதாவது சீட்டு இருந்தால் அதையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கைப்பிடி ராகி, ஒரு உருண்டை புதுப்புளி, ஒரு உருண்டை பழம்புளி. ஐந்தாவது படியில் இவை தேவைப்படும்.

2. சொல்லின் எல்லையை முதலில் மனதில் வையுங்கள்

செம்மை என்ற அடியிலிருந்து வந்த சொல் செவலை. ஆனால் செம்பருத்திச் சிவப்பை அது குறிக்காது. சிவப்பும் பழுப்பும் கலந்த மயிரின் நிறம் அது. ஒரே ஒரு நிறமும் இல்லை, ஒரு நீளமான பட்டை. ஒரு ஓரம் நாட்டுச்சர்க்கரை, நடு ராகி, இன்னொரு ஓரம் பழம்புளி. இதற்குள் வரும் எல்லாமே செவலைதான். ஆகவே “செவலை” என்று மட்டும் எழுதினால், மாடு இந்தப் பட்டைக்குள் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்தச் சொல் மாட்டுக்கு உரியது. நாட்டு நாய்க்கும் சொல்வோம். துணிக்கோ சுவருக்கோ சொல்வதில்லை. ஆளைச் சொல்லும்போது செவத்த ஆள், மாநிறம் என்போம், செவலை என்பதில்லை. கோழிக்குக் காகம், கீரி, மயில் என்று வேறு பெயர் வரிசையே இருக்கிறது. அதனால் எந்தப் பிராணி என்று எழுதாமல் “செவலை ஒன்று” என்று விட்டாலும் ஊர்க்காரருக்கு மாடு என்றுதான் புரியும். அலுவலகத்தில் இருப்பவருக்குப் புரியாமல் போகலாம். எனவே செவலைப் பசு, செவலைக் காளை, செவலைக் கன்று என்று சேர்த்தே எழுதுங்கள்.

செவலைக்குப் பதிலாகப் “பழுப்பு” என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் எழுத விடுவதில்லை. பழுத்த இலையின் மஞ்சளும் பழுப்பு, வெளுத்துப்போன வேட்டியும் பழுப்பு. அவ்வளவு அகலமான சொல்லை வைத்துக்கொண்டு மாட்டைத் தேட முடியாது.

3. மயிரைப் பிரித்து அடியைப் பாருங்கள்

விலாப்பக்கம், வெயில் அதிகம் படாத இடத்தில், இரண்டு கட்டைவிரலாலும் மயிரை விலக்கித் தோலை ஒட்டிய அடிமயிரைப் பாருங்கள். நுனியிலிருந்து அடிவரை ஒரே சிவப்பு ஓடினால் அது செவலை. நுனி மட்டும் செவந்து அடி கறுப்பாக இருந்தால் அது வெயிலில் வெளுத்த கறுப்பு மாடு.

சித்திரை, வைகாசியில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். நாளெல்லாம் வெட்டவெளியில் கட்டிய கறுப்பு மாட்டின் முதுகு செம்பட்டையாகிவிடும். மேலே பார்த்துவிட்டுச் செவலை என்று எழுதினால், மழைக்காலத்தில் புதுமயிர் முளைத்ததும் மாடும் காகிதமும் இரண்டாக நிற்கும்.

தாமிரச் சத்துக் குறைந்தாலும் கறுப்பு மயிர் செவந்தும் சாம்பல் பூத்தும் போகும். மாடு மெலிந்து, மயிரும் பளபளப்பு இல்லாமல் சிலிர்த்து நின்றால், எழுதுவதை நிறுத்திவிட்டு மாட்டாஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள். தாது உப்புக் கலவை தேவைப்படுகிற மாடாக இருக்கலாம்.

4. செவலை மாதிரி தெரியும் மற்றவற்றை ஒதுக்குங்கள்

முதலில் கன்றுகள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவந்துதான் இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். உம்பளாச்சேரிக் கன்றும் அப்படியே, ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் மாறும். ஆகவே தாய் மயிலையாக (சாம்பல் நிறமாக) இருந்து கன்று செவந்திருந்தால் அவசரப்படாதீர்கள். “இப்போது செவலை, தாய் மயிலை, வயது இரண்டு மாதம்” என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். வயதைச் சேர்க்காமல் விட்டால் ஒரு வருடம் கழித்து அந்தக் காகிதம் பயன்படாது.

அடுத்தது மறை. உடம்பில் வெள்ளைத் திட்டுகள் பெரிதாக விரவியிருந்தால் அதை மறை என்போம். செவலையில் வெள்ளை விரவினால் செம்மறை. பர்கூர் மாடு இதற்குச் சரியான உதாரணம். செவலை உடம்பு, அதில் வெள்ளைத் திட்டுகள்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு தவறு நடக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே யாரிடமாவது வாங்கிய செவலை மாட்டை “பர்கூர் இனம்” என்று எழுதிவிடுகிறார்கள். பர்கூர் இன மாடு ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே உள்ள பர்கூர் மலையைச் சேர்ந்தது. ஊர்ப் பெயர் ஒன்றாக இருப்பதால் இனமும் அதுவாகிவிடாது. நிறம் என்ற கட்டத்தில் நிறம், இனம் என்ற கட்டத்தில் இனம். செவலை ஓர் இனத்தின் பெயர் இல்லை.

பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்து ஆலம்பாடி மாடுகளில் இந்தக் குழப்பம் குறைவு. அவை அடர்ந்த சாம்பல், சில கிட்டத்தட்ட கறுப்பு. வெயிலில் வெளுத்த ஆலம்பாடி ஒன்றைச் செவலை என்று எழுதிய சீட்டை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் படியை விட்டதால் வந்த வினை.

கடைசியாக ஜெர்சி கலப்பு. நம் வீடுகளில் இன்று “செவலை” என்று கூப்பிடுவதில் பெரும்பகுதி இதுதான். உடம்பு செவலை என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் பல ஜெர்சி கலப்புகளில் தலை, கழுத்து, கால் எல்லாம் உடம்பைவிடக் கறுத்திருக்கும், முகவாயைச் சுற்றி மாவு பூசினது போல ஒரு வெளிர் வளையம் ஓடும். அந்த வளையத்தைக் கட்டாயம் எழுதுங்கள். சிவப்புச் சிந்தி என்ற இன மாட்டிலிருந்து ஜெர்சி கலப்பைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

5. அடர்வைச் சொல்லுங்கள்

இப்போது ராகியையும் புளியையும் எடுங்கள். விலாவின் நடுவில், மயிரின் போக்கிலேயே ஒருமுறை தடவிவிட்டு, உள்ளங்கையில் ராகியை வைத்து மயிரோடு ஒட்டிப் பிடியுங்கள். ராகியைவிட வெளுப்பாக இருந்தால் “வெளிர் செவலை”. ராகிக்கும் புதுப்புளிக்கும் இடையில் இருந்தால் “நடு அடர்வு”. புதுப்புளியைத் தாண்டிப் பழம்புளியை நெருங்கினால் “கருஞ்செவலை”.

ஏன் இந்தப் பொருள்கள் என்றால், நம் பக்கம் இவை இல்லாத வீடு இல்லை, எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே பொருளைத்தான் நினைத்துக்கொள்வார்கள். பெயின்ட் கடை அட்டையில் இருக்கும் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. புளியில் மட்டும் கவனம் வேண்டும். இந்த வருடத்துப் புளி செவந்திருக்கும், வைக்க வைக்கக் கறுக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அளவு பிடிபடும்.

ஒரே மாட்டில் முதுகு ஒரு நிறம், வயிறு ஒரு நிறமாக இருக்கும். எந்த இடத்தைப் பார்த்து அடர்வு எழுதுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எப்போதும் விலா. முதுகு வெயிலில் மாறும், வயிறு இயல்பாகவே வெளுத்திருக்கும். விலா நடுவாக நிற்கும்.

6. இரண்டு பக்கமும் சுற்றி வந்து வெள்ளையையும் கறுப்பையும் எழுதுங்கள்

இந்தப் படியை நான் ஒருமுறை சரியாகச் செய்யவில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா. ஒரே தாயின் வயிற்றில் பிறந்த இரண்டு செவலைப் பசுக்கள் அவருக்கு. மூத்த பசுவுக்குக் காப்பீட்டுப் படிவம் எழுதப் போனேன். மாட்டின் வலது பக்கம் சுவரை ஒட்டியிருந்தது.

“அக்கா, வெள்ளை ஏதாவது இருக்கா?”

“இல்ல தம்பி, முழுச் செவலைதான்.”

அப்படியே எழுதிவிட்டேன். அடுத்த வருடம் வயிறு உப்பி அந்தப் பசு இறந்தது. பார்க்க வந்தவர்கள் மாட்டைப் புரட்டியபோது வலது விலாவின் அடியில் கையகல வெள்ளை இருந்தது. படிவத்தில் இல்லாத வெள்ளை. கூடவே காதில் இருந்த டேக்கும் எங்கேயோ வேலியில் மாட்டிக் கழன்று போயிருந்தது. இது காப்பீடு செய்த மாடுதானா, அல்லது தங்கைப் பசுவா என்ற கேள்வி வந்துவிட்டது. பழைய போட்டோ, பால் ஊற்றிய கணக்கு என்று அலைந்து, பணம் கைக்கு வர மாதக் கணக்கானது. அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே மாட்டை வெளியே பிடித்து வரச் சொல்லி, தலையில் தொடங்கி வால்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், பிறகு குனிந்து வயிறு, மடி என்று சுற்றுங்கள். வீட்டுக்காரர் “இல்லை” என்று சொன்னாலும் சுற்றுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அந்த வெள்ளை பழகிப்போயிருக்கும்.

எழுத வேண்டியவை: நெற்றிச் சுட்டி இருந்தால் அதன் அளவு, முகவாய் கறுப்பா செம்மையா, கண்ணைச் சுற்றிய வளையம், குளம்புகள் நான்கும் ஒரே நிறமா, வால்குஞ்சம், மடியில் வெள்ளை. அளவுக்கு நாணயம், உள்ளங்கை என்று சொல்லுங்கள். “சிறிய வெள்ளை” என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு.

புண் ஆறிய இடத்திலும் சூடு போட்ட இடத்திலும் வெள்ளை மயிர் முளைக்கும். அதைப் பிறவி வெள்ளையோடு சேர்க்காமல் “தழும்பு” என்று தனியாக எழுதுங்கள். பிறவி வெள்ளையின் விளிம்பில் தோல் வழவழப்பாக இருக்கும், தழும்பைத் தடவினால் விரலுக்கு மேடு பள்ளம் தெரியும்.

பொங்கல் முடிந்த கையோடு எழுதப் போனால் கொம்புச் சாயத்தையும் நெற்றி மஞ்சளையும் நிறக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்கலாம். “சிவப்புக் கொம்பு” என்று எழுதிய சீட்டைக் கையில் வைத்திருக்கிறேன்.

7. எழுதும் வரிசை

முதலில் உடம்பு நிறம், பிறகு அடர்வு, பிறகு வெள்ளை, பிறகு கறுப்பு, பிறகு கொம்பு, சுழி, பல் (பால்பல் விழுந்து முளைத்த நிலைப்பற்கள் எத்தனை என்று), கடைசியில் டேக் எண். தூரத்தில் தெரிவது முதலில், கிட்டே போனால் தெரிவது பின்னால். மாட்டைத் தேடுகிறவர் இந்த வரிசையில்தான் பார்ப்பார்.

நான் எழுதும் விதம் இது:

“செவலைப் பசு (சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம்), நடு அடர்வு. நெற்றியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு வெள்ளைச் சுட்டி. வலது விலாவின் அடியில் கையகல வெள்ளை. முகவாய் கறுப்பு, சுற்றி வெளிர் வளையம். வால்குஞ்சம் கறுப்பு. நான்கு குளம்பும் கறுப்பு. கொம்பு உள்பக்கம் வளைந்தது, இடது நுனி ஒடிந்தது. நெற்றியில் ஒரு சுழி. நான்கு பல். டேக் எண் ...”

முதல் வரியில் அடைப்புக்குள் விளக்கம் கொடுப்பது வெளியூர் அதிகாரிக்காக. அவருக்குச் செவலை தெரியாமல் இருக்கலாம். அதற்காகச் செவலையை எடுத்துவிட்டு விளக்கத்தை மட்டும் வைக்காதீர்கள். நாளை சாட்சி சொல்லப்போவது ஊர்க்காரர்தான், அவர் வாயில் வருவது செவலைதான்.

கொம்பு இல்லாத மாட்டுக்கு “மோழை” என்று எழுதுங்கள். கொம்பு பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டால், எழுத மறந்தீர்களா, கொம்பே இல்லையா என்று தெரியாது.

டேக்கில் பன்னிரண்டு இலக்கம் இருக்கும். அதை ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதி, மறுபடி திருப்பி வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.

8. எழுத்துப்பிழை: செவலையும் சவலையும்

‘செ’ என்ற எழுத்தின் கொம்பு விட்டுப்போனால் பொருளே மாறிவிடும். சவலை என்றால் தாய்ப்பால் போதாமல் மெலிந்து நோஞ்சானாகிய பிள்ளை அல்லது கன்று. “சவலைக் கன்று” என்று எழுதிக் காப்பீட்டுக்குக் கொடுத்தால், நோயுள்ள கன்றுக்குக் காப்பீடு கேட்கிறீர்கள் என்று ஆகிவிடும். போனில் தட்டெழுதும்போது இந்தத் தவறு அதிகம் வருகிறது. அனுப்பும் முன் முதல் எழுத்தை ஒருமுறை பாருங்கள்.

“செவளை” என்று எழுதுவதும் பார்க்கிறேன். பொருள் கெடாது, ஆனாலும் லை-தான் சரி.

9. எல்லாக் காகிதத்திலும் ஒரே சொல்

ஒரு காகிதத்தில் செவலை, இன்னொன்றில் சிவப்பு, மூன்றாவதில் பிரவுன் என்றிருந்தால், மூன்றும் ஒரே மாடுதான் என்று நிரூபிக்கும் வேலை வீட்டுக்காரர் தலையில் விழும். அதனால்தான் பழைய சீட்டை எடுத்து வைக்கச் சொன்னேன்.

பழைய சீட்டில் தவறான நிறம் இருந்தால் அதைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள். சரியானதை எழுதி, பக்கத்தில் “முந்தைய சீட்டில் பழுப்பு எனக் குறித்தது இதே பசு” என்று ஒரு வரி சேருங்கள். கால்நடை மருத்துவர் சான்று எழுதும்போது உங்கள் குறிப்பை அவரிடம் காட்டி, அதே சொல்லைப் பயன்படுத்தக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் மறுப்பதில்லை.

போட்டோ நான்கு: இடது பக்கம் முழுதாக, வலது பக்கம் முழுதாக, டேக் தெரிய முகம், வால்பக்கம். போன் கேமரா நிறத்தைத் தானே கூட்டிக் குறைத்துவிடும். மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்தபடி எடுத்தால், துண்டு எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறதோ அதை வைத்து மாட்டின் நிறத்தை நம்பலாம்.

10. சந்தையிலும் போனிலும் சொல்லும்போது

குந்தாரப்பள்ளி வெள்ளிச் சந்தையிலும் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையிலும் வாங்க வருபவர்கள் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள் இல்லை. தெலுங்குக்காரர் எர்ர என்பார், கன்னடக்காரர் கெம்பு என்பார். இரண்டுமே சிவப்பு என்ற பொதுச் சொல். அவர் கெம்பு என்றதும் நீங்கள் செவலை என்று எடுத்துக்கொண்டு போனிலேயே விலை பேசி முடிக்காதீர்கள். செம்மறையையும் அவர் அதே சொல்லால் சொல்லியிருக்கலாம். “வெள்ளை எங்கே இருக்கு?” என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அதிலேயே பாதி தெளிந்துவிடும்.

மாடு காணாமல் போனால் வாட்ஸ்அப்பில் போடும் செய்தி நான்கு வரிக்கு மேல் வேண்டாம். சாலையில் போகிறவர் வண்டியை நிறுத்திப் படிப்பது அவ்வளவுதான். “கருஞ்செவலைப் பசு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது கொம்பு நுனி ஒடிந்தது. நேற்று மாலை ஏரிக்கரையில் மேய்ந்தபோது காணவில்லை.” பிறகு ஊர், போன் எண்.

இங்கே ஒன்றை வேண்டுமென்றே மறைத்து வையுங்கள். வயிற்றடி வெள்ளை, மடியில் உள்ள மறு, இப்படி வெளியில் தெரியாத ஒன்று. மாடு கிடைத்தது என்று யாராவது அழைத்தால் அதைக் கேட்டு உறுதிசெய்யலாம். மாடு தன்னுடையது என்று வேறு யாராவது வந்து நின்றாலும் அதே கேள்வி உதவும்.

11. மறுபடி பார்க்க வேண்டிய நாள்கள்

வளர்ந்த செவலையை வருடத்துக்கு ஒருமுறை, காப்பீடு புதுப்பிக்கும்போது பார்த்தால் போதும். கன்றை எட்டு மாதம் முடிந்ததும் ஒருமுறை, இரண்டு பல் போட்டதும் ஒருமுறை பாருங்கள். நிறம் மாறியிருந்தால் பழைய வரியை அடிக்காமல், அதன் கீழே தேதியோடு புது வரி எழுதுங்கள். அடித்துத் திருத்திய காகிதத்தைப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்.

டேக் கழன்று விழுந்தால் அன்றைக்கே மாட்டாஸ்பத்திரியிலும் காப்பீடு கொடுத்தவர்களிடமும் சொல்லி, புது எண் போட்டதும் அதையும் அதே தாளில் தேதியோடு எழுதிவிடுங்கள். அந்தத் தாளை மாட்டுக் கொட்டகையில் செருகி வைக்காமல், ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவிலேயே வையுங்கள்.